கல் போகிறது, நீர் போகிறது, கணக்கு எங்கே?

கல் போகிறது! நேற்றுவரை குன்றாக நின்ற கல், ஜல்லியாக உடைந்து, மாவாகப் பொடிந்து, லாரி லாரியாகப் போகிறது. நீர் போகிறது! ஆற்றுப் படுகையிலே கிணறு இறக்கி, குழாய் பதித்து, ஊர் தாண்டி ஊர் போகிறது. ஆள் போகிறான்! தறிக்குழியிலே காலம் கழித்த தகப்பனின் மகன், பொழுது புலருமுன் கம்பெனி பஸ் ஏறி, ஓரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறான். போவதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, தோழர்களே! வருவது என்ன? போனதற்கும் வந்ததற்கும் கணக்கு எழுதிய ஏடு எங்கே?

கேட்பது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இடத்திலே இருக்கிற சிற்றூர். எதிர்க்கரையிலே பழையசீவரம். ஒரு பக்கம் பட்டு நெய்யும் காஞ்சிபுரம். மறுபக்கம் குடவோலைக் கல்வெட்டுக் கண்ட உத்திரமேரூர். ஊர் சிறிதுதான். ஆனால் அது கேட்கிற கேள்வி சிறிதல்ல. நகரம் வளர்வதற்குத் திட்டம் போடுகிறார்களே, அந்த நகரத்துக்குச் சோறும் நீரும் கல்லும் ஆளும் கொடுக்கிற ஊர்கள் வாழ்வதற்கு யார் திட்டம் போடுவது? இதுதான் கேள்வி.

வட்டம் பெரிதாகிறது

சென்னைப் பெருநகரம் என்று சொல்லுகிறோமே, அதற்கு ஓர் எல்லை உண்டு. 1970களிலே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வந்தபோது அந்த எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். முதல் முழுமைத் திட்டம் அந்தப் பத்தாண்டிலேயே வந்தது. இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. 2018இல், எல்லையை 8,878 சதுர கிலோமீட்டராக ஆக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் முழுதும், திருவள்ளூர் மாவட்டம் முழுதும், அரக்கோணம் பக்கத்து ஊர்களும் அதற்குள்ளே! இது பெரிது, மிகப் பெரிது என்று பலரும் சொன்ன பிறகு, 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டர் என்று வந்து நின்றது. அப்போதும் பழைய எல்லையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. 2026 தொடங்கி இருபதாண்டுக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் என்று வேலையும் தொடங்கியது.

எல்லை என்றால் காகிதத்திலே இழுத்த கோடுதானே, அதனால் என்ன என்று கேட்கலாம். கோடு விழுந்த மறுநாள் என்ன நடக்கிறது என்று புறநகரிலே குடியிருக்கும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். நேற்று நாற்று நட்ட வயலிலே இன்று வண்ணக்கொடி பறக்கிறது. "மனை விற்பனைக்கு" என்று பலகை நிற்கிறது. வரப்பு இருந்த இடத்திலே சுண்ணாம்புக் கோடு. வாய்க்கால் இருந்த இடத்திலே முப்பதடிச் சாலை. கோடு போடுகிறவர் ஓர் அறையிலே இருக்கிறார். கோட்டின்மேல் குடியிருக்கிறவர் வேறொரு திண்ணையிலே இருக்கிறார். இருவருக்கும் பேச்சு இல்லை. அந்தப் பேச்சின்மைக்குத்தான் விலை கொடுத்து வருகிறோம்.

இன்னொன்றும் உண்டு. கோடு எங்கே நின்றாலும், நகரத்தின் பசி அங்கே நிற்பதில்லை! கட்டடம் எழுவது சென்னையிலே; அதற்குக் குன்று குறைவது திருமுக்கூடல் பக்கத்திலே. குழாய் திறப்பது தாம்பரத்திலும் பல்லாவரத்திலும். அதற்குப் படுகை வற்றுவது பாலாற்றிலே. காஞ்சிபுரம் நகரத்துக்குக் குடிநீர் போவதும் பாலாற்றிலிருந்துதான். ஆகவே, கோட்டுக்கு உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று ஊர்க்காரர் கேட்பது வீண் கேள்வி. கொடுப்பவர் பட்டியலிலே இருக்கிறோம். பெறுபவர் பட்டியலிலே இருக்கிறோமா என்பதே கேள்வி!

ஆலை வேண்டாம் என்பவர்களா நாம்?

இப்படிப் பேசினால் சிலர் உடனே சொல்வார்கள்: "இவர்களுக்குத் தொழில் பிடிக்காது, மாட்டு வண்டிக் காலத்துக்கே போகச் சொல்கிறார்கள்" என்று. இல்லை, தோழர்களே, இல்லை! வடக்கே ஆலை எழும்பியபோது தெற்கே ஏன் எழும்பவில்லை என்று மேடை மேடையாகக் கேட்டு வளர்ந்த நாடு இது. கிண்டியிலே 1958இல் தொழிற்பேட்டை எழுந்தபோது மகிழ்ந்தோம். இருங்காட்டுக்கோட்டையிலே 1998இல் கார் உருண்டு வெளிவந்தபோதும் மகிழ்ந்தோம். வல்லம் வடகாலிலே 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கென்று 2024 ஆகஸ்டில் ஒரு பெரும் விடுதி திறக்கப்பட்டதே, அதையும் வரவேற்போம். அதற்கு முன், 2021 டிசம்பரிலே, விடுதிச் சோறு நஞ்சாகித் தொழிற்சாலைப் பெண்கள் நெடுஞ்சாலையிலே உட்கார்ந்து நியாயம் கேட்டதையும் மறக்கவில்லை. தொழிற்சாலைக்கு இடம் பார்த்தவர், தொழிலாளி படுக்க இடம் பார்க்கப் பல ஆண்டு பிடித்தது. அதுவும் திட்டக்குறைதானே?

ஆலை வேண்டும். ஆனால் ஆலையின் ஆயுள் எவ்வளவு, ஏரியின் ஆயுள் எவ்வளவு என்று எடை போட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலே நோக்கியா தொழிற்சாலை 2006இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தந்தது. 2014 நவம்பரில் நின்றது. எட்டு ஆண்டு! அந்த வட்டாரத்திலே இருக்கிற ஏரிகளுக்கோ ஆயிரம் ஆண்டு வயது. உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி வரும். தூர்த்த ஏரி திரும்பி வருமா? வாய்க்காலின்மேல் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, அந்த வீட்டை எடு என்று ஏழையிடம் யார் போய்ச் சொல்வது?

தொழில் வளர்ச்சியை எதிர்ப்பதல்ல நமது வேலை. எட்டு ஆண்டு லாபத்துக்காக எண்ணூறு ஆண்டு முதலை அழிக்காதே என்று சொல்வது நமது வேலை.

வெள்ளமும் நாமே, வறட்சியும் நாமே

2015 டிசம்பர் நினைவிருக்கிறதா? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியிலே ஏறி நின்று படகுக்குக் கை காட்டினார்கள். அந்த மக்கள் செய்த குற்றம் என்ன? கடன் வாங்கி, தாலியை அடகு வைத்து, ஒப்புதல் பெற்ற மனை என்று நம்பி வாங்கினார்கள். அடையாற்றுக்கு நீர் தருகிற ஏரிகளும் கால்வாய்களும் பாய்கிற தாழ்ந்த பூமி அது. மனை போட்டவன் சொல்லவில்லை; மழை சொல்லிற்று.

நான்கே ஆண்டு கழித்து, 2019 ஜூலையில் என்ன கண்டோம்? சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் வந்தது. ஒரே நகரம்! 2015இல் நீரில் மூழ்கிற்று. 2019இல் நீருக்கு ஏங்கிற்று. வானத்தின்மேல் பழி போடுவார்கள். வானம் கொடுத்ததை வாங்கி வைக்கப் பாத்திரம் வேண்டாமா? பாத்திரத்தை மனையாக விற்றுவிட்டு, பாலைக் கொட்டினாயே என்று மாட்டைத் திட்டினால் எப்படி?

பாலாற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டிலே பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு. ஆனால் செத்த ஆறல்ல. 2021 நவம்பரிலே நொடிக்கு லட்சம் கன அடிக்குமேல் வந்தது என்று கரையோர ஊர்களெல்லாம் திரண்டு போய்ப் பார்த்தன. மணல் ஆறு என்றால் என்ன பொருள்? அந்த மணல்தான் அதன் ஏரி; அந்த மணல்தான் அதன் தொட்டி. வெள்ளம் வரும் சில நாளில் மணல் நீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஆண்டு முழுதும் ஊற்றாகவும் கிணறாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. கரையிலே மண்வெட்டியால் கீறினால் நீர் ஊறிய காலத்தை முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த மணலைப் பொக்லைனால் வாரி லாரியிலே ஏற்றியபோது மணல் மட்டுமா போயிற்று? தொட்டியே போயிற்று!

ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சரி, பாறையை அரைத்து மணலாக்குவோம் என்று எம்-சாண்ட் வந்தது. ஆற்றைக் காப்பாற்ற அது தேவையே, மறுக்கவில்லை. ஆனால் சுமை ஆற்றிலிருந்து குன்றுக்கு மாறிற்று. குன்றிலிருந்து குன்றடி ஊருக்கு வந்தது. வெடி வைத்தால் வீட்டுச் சுவர் விரிகிறது. கிரஷர் ஓடினால் பயிரின்மேல் வெள்ளைப் பொடி படிகிறது. டிப்பர் லாரி விரைந்தால் பள்ளிப் பிள்ளை சாலையோரம் ஒதுங்கி மூக்கைப் பொத்துகிறான். 2021 பிப்ரவரியிலே, உத்திரமேரூர்ப் பக்கம் மதூர் கல்குவாரியில் மண் சரிந்து உயிர் போயிற்று. போனது பாட்டாளியின் உயிர். பாறைப்பொடியிலே இருக்கிற சிலிகா நுரையீரலிலே போய்த் தங்கினால் அது திரும்ப வெளியே வராது; சிலிகோசிஸ் என்கிறார்கள், குணப்படுத்த மருந்து இல்லாத நோய். நீர் தெளித்து, கூண்டு கட்டி, மூடிய லாரியிலே கொண்டுபோனால் பொடி குறையும். வழி இருக்கிறது, வழிமேல் விழி வைக்க ஆள் வேண்டும்.

எம்டன் மூழ்கடித்த பாடம்

நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்று நாம் சொன்னால், கிராமத்தான் ஏதோ உளறுகிறான் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ் என்பவர், நகர அமைப்புக் கலையின் முன்னோடிகளிலே ஒருவர். 1914இல் அவர் சென்னைக்கு வந்தார். உலக நகரங்களின் படங்களும் வரைபடங்களும் கொண்ட கண்காட்சி ஒன்று அவருக்குப் பின்னே கப்பலில் வந்துகொண்டிருந்தது. நம் ஊரிலே சாமர்த்தியசாலியை "எம்டன்" என்கிறோமே, சென்னைமேல் குண்டு போட்ட அந்த ஜெர்மானியக் கப்பல், கண்காட்சி ஏறிய கப்பலையும் நடுக்கடலிலே மூழ்கடித்துவிட்டது! மனிதர் தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையிலேயே கண்காட்சியைத் திறந்தார். காஞ்சிபுரத்தைக் கண்டு, கோயில்களை மட்டுமல்ல, தெருவும் தோட்டமும் குடியிருப்பும் பொருந்திய அந்த நகரின் அமைப்பையே வியந்தார். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது.

அவர் சொன்ன பாடம் என்ன? எந்த நகரத்தையும் தனியே பார்க்காதே. ஆற்றோடு சேர்த்துப் பார். மலையிலே சுரங்கத் தொழிலாளி, சரிவிலே காட்டுக்காரன், மேட்டிலே ஆட்டிடையன், பள்ளத்திலே உழவன், முகத்துவாரத்திலே மீனவன். இத்தனை பேரின் உழைப்பும் ஒழுகி வந்து சேருமிடமே நகரம். மலை முதல் கடல் வரை ஒரே குறுக்குவெட்டாகப் பார் என்றார்.

பாலாற்றை அந்தக் கண்ணாலே பாருங்கள்! கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. ஆந்திரம் வழியே வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களைத் தொடுகிறது. காஞ்சிபுரம் தாண்டி, திருமுக்கூடலிலே செய்யாற்றையும் வேகவதியையும் அணைத்துக்கொள்கிறது. வயலூர்ப் பக்கம் கடலிலே கலக்கிறது. மேலே ஒருவன் செய்த வினையைக் கீழே ஒருவன் குடிக்கிறான். வேகவதியோ காஞ்சிபுரத்தின் கழிவுநீரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பாலாற்று நீரிலே நனைத்தால் பட்டிலே சாயம் பளிச்சென்று பிடிக்கும் என்று சொல்லி வளர்ந்த நெசவாளர், இன்று அந்த நீரைப் பார்த்து என்ன சொல்வார்?

நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லை வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். நார்வே நாட்டின் பிரதமராயிருந்த புருண்ட்லண்ட் அம்மையார் தலைமையிலான உலக ஆணையம் 1987இல் அதற்கு விளக்கம் சொன்னது உண்மை: இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள், நாளைய பிள்ளையின் பங்கிலே கை வைக்காதே என்பது அதன் சாரம். ஆனால் அந்தச் சொல் இந்திய நீதியிலே வேரூன்றியது எந்த வழக்கிலே? வேலூர் மாவட்டத்து மக்கள் பாலாற்றுக்காகத் தொடுத்த வழக்கிலே! தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றையும் நிலத்தையும் கெடுத்தது என்ற அந்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இவை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. பாலாறு தந்த நீதி அது. பாலாற்றுக்கு அந்த நீதி கிடைத்துவிட்டதா? 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், விடை நமக்குத் தெரிந்ததே.

கல்லிலே எழுதிய கணக்கு

திருமுக்கூடல் கோயில் சுவரிலே ஒரு நெடுங்கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. ஏறத்தாழ 950 ஆண்டுக்கு முந்தியது. அதிலே ஒரு மருத்துவமனையின் வரவுசெலவு இருக்கிறது. கட்டில் பதினைந்து. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர இருவர், நோயாளியைப் பேண மகளிர் இருவர், தண்ணீர் தர ஒருவர். யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு, என்னென்ன மருந்து இருப்பிலே இருக்க வேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறது. அரசனைப் புகழ இதைச் சொல்லவில்லை. வருவாய் எந்த ஊரிலிருந்து வருகிறது, அது எதற்குச் செலவாகிறது என்று ஊரார் காணும்படி கல்லிலே வெட்டினானே, அந்த ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து கட்டிலுக்குக் கணக்கு வெட்டிய ஊரிலே, இன்று எத்தனை லாரிக் கல் போயிற்று என்ற கணக்கைத் தெரிந்துகொள்ள ஊரான் மனுப் போட்டு அலைய வேண்டியிருக்கிறது!

உத்திரமேரூருக்குப் போவோம். பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ப்பணிக்குக் குழு. குடத்திலே ஓலை போட்டுத் தேர்வு. உலகிலேயே முதல் மக்களாட்சி என்று மேடையிலே சிலர் மார்தட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்! அந்தக் குடத்திலே யாருடைய ஓலை விழுந்தது? சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் உடையவன், வேதம் கற்றவன், அவன் ஓலை விழுந்தது. உழுதவன் ஓலை இல்லை. நெய்தவன் ஓலை இல்லை. பெண்ணின் ஓலை இல்லவே இல்லை. அதை மக்களாட்சி என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் அதிலே ஒரு விதி பொன்னான விதி: முன்பு வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவனுடைய உறவினனும் நிற்கக் கூடாது! அந்த விதியை மட்டும் எடுத்து, எல்லோருக்கும் ஓலை உண்டு என்கிற இன்றைய மக்களாட்சியிலே பொருத்திப் பாருங்கள். எவ்வளவு நாற்காலி காலியாகும்!

பரந்தூரின் பாதிக் கேள்வி

இப்போது பரந்தூருக்கு வருவோம். வராமல் இந்தப் பேச்சு முடியாது. 2022 ஆகஸ்டில், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரிலே என்று அறிவிப்பு வந்தது. 13 ஊர்கள், ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல். ஏகனாபுரத்திலே மக்கள் போராட்டம் தொடங்கிற்று. கிராம சபையிலே எதிர்த்துத் தீர்மானத்தின்மேல் தீர்மானம் போட்டார்கள். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது.

மீனம்பாக்கம் நகரத்தின் நடுவே சிக்கிக்கொண்டது, இனி விரிய இடமில்லை, தொழில் வளரப் புதிய நிலையம் வேண்டும் என்பது ஒரு வாதம். பொய்யென்று தள்ளிவிட முடியாது. நஞ்சையும் ஏரியும் கம்பன் கால்வாயும் கிடக்கிற நிலத்தையா அதற்கு எடுப்பது என்பது மறுவாதம். அதைத் தேசத்துரோகம் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்தக் கால்வாய் ஊரைக் கடந்து போகிற நீர்வழி. அங்கே அடைத்தால் கீழேயுள்ள ஏரிகள் கேட்கும். அங்கே திசை மாறினால் கீழேயுள்ள ஊர்கள் மிதக்கும். அதைத்தான் 2015 சொல்லிற்று.

விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா? இது பாதிக் கேள்வி. மறுபாதி இது: எந்த நிலம், எந்த நீர்வழி என்று வரைபடத்தை முதலில் விரித்து வைத்து, அந்த ஊர் மக்களை எதிரே உட்காரவைத்து, அதற்குப் பிறகு இடம் பார்த்தார்களா? அல்லது இடத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு மக்களைச் சமாதானம் செய்ய வந்தார்களா? நிலத்துக்கு விலை பேசலாம். பத்து தலைமுறை நீர் பாய்ந்த மடைக்கு விலை பேச எந்தத் தாசில்தாரிடம் அளவுகோல் இருக்கிறது?

கோர்வை அறுந்தால்...

காஞ்சிபுரத்து நெசவாளத் தோழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓட்டி, உடலையும் கரையையும் ஒவ்வோர் இழையாகப் பின்னிச் சேர்ப்பதற்குப் பெயர் கோர்வை. கோர்வை உறுதியாக இருந்தால் துணி கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். அவசரக்காரன் கோர்வை போடாமல் ஒட்டினால்? கட்டிய அன்றைக்கே பிரிந்து தொங்கும்.

சென்னை உடல் என்றால், காஞ்சிபுரமும் திருமுக்கூடலும் பரந்தூரும் கரை. இன்று நடப்பது கோர்வையல்ல, உருவல். கரையிலிருந்து இழையை உருவி உருவி உடலுக்குக் கொடுக்கிறார்கள். கரை நைந்தபின் உடல் மட்டும் நிற்குமா? தறியை விட்டுப் போகிற பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதி தறியிலே இல்லை. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமை. ஆனால் குறியீடு துணிக்கு, கூலி நெசவாளிக்கு! வட்டாரத் திட்டம் என்றால், புதிய ஆலைக்கு நிலம் ஒதுக்குவது மட்டுமல்ல, பழைய தொழில் பிழைக்க வழி செய்வதும் அதிலே சேர வேண்டும்.

ஆகவே, திட்டம் எழுதுகிறவர்கள் முன்னே ஐந்து கோரிக்கைகளை வைப்போம்.

முதலாவது, சாலை வரைவதற்கு முன்னே நீரை வரை. ஏரி, வரத்துக்கால்வாய், உபரி நீர்வழி, மணல் படுகை எல்லாம் வரைபடத்திலே முதலில் ஏறட்டும். மிஞ்சிய நிலத்திலே மனை போடட்டும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இலேயே தமிழ்நாட்டிலே தனிச் சட்டம் வந்திருக்கிறது. அந்தச் சட்டம் குடிசைக்காரனைக் காணும்போது மட்டும் விழித்து, பெரும்புள்ளியைக் காணும்போது கண்ணயரக் கூடாது.

இரண்டாவது, கல்லுக்கும் மணலுக்கும் கணக்கு. எத்தனை யூனிட் எடுக்க அனுமதி, எத்தனை போயிற்று என்று ஊர் நடுவே பலகையிலே எழுது. கனிமம் எடுக்கும் பகுதிகளின் நலனுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியை 2015இல் சட்டமே ஏற்படுத்தியது. குடிநீர், மருத்துவம், பள்ளி இவற்றுக்குச் செலவிட வேண்டிய பணம் அது. நம் ஊருக்கு எவ்வளவு வந்தது என்று கேட்போம்.

மூன்றாவது, வேலை இருக்குமிடத்துக்கு அருகே தொழிலாளி குடியிருக்க வீடும், பேருந்தும், மருத்துவமனையும். தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸிலே கழிக்கிறவனுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் எங்கே இருக்கிறது?

நான்காவது, நீர் கொடுக்கும் ஊருக்கு முதல் பங்கு. படுகையிலே கிணறு இறக்குமுன் அந்த ஊரின் குடமும் வயலும் நிறைகிறதா என்று பார். பழையசீவரம் பக்கம் கட்டியதைப் போன்ற தடுப்பணைகள் நல்லவை. அவை தேக்கும் நீர் கரையோர ஊருக்கும் சேரட்டும்.

ஐந்தாவது, திட்டம் போடும் அறையிலே நமக்கு நாற்காலி. பெருநகரப் பகுதிக்குத் திட்டக்குழு வேண்டும், அதன் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் நகராட்சி உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் சொல்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த திருத்தம்! நிபுணர் வேண்டும், பொறியாளர் வேண்டும். அவர்கள் அறிவு நமக்குத் தேவை. ஆனால் மடை எங்கே திறக்கும், வெள்ளம் எந்த வழியாக வரும் என்பது அந்த ஊரானுக்குத் தெரியும். அவன் அறிவும் தேவை. இரண்டும் கோர்வையாகட்டும்!

தோழர்களே, கோரிக்கையைப் படித்துக் கைதட்டிவிட்டுக் கலைந்து போனால் பயனில்லை. ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டிலே கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். மே 1 நம்முடைய நாள்! அன்றைக்குக் கொடி ஏற்றிய கையோடு கிராம சபைக்குப் போங்கள். உங்கள் ஊர் ஏரியின் பழைய எல்லை எது, இப்போது எது என்று கேளுங்கள். உங்கள் ஊர்க் குவாரியின் அனுமதி எவ்வளவு என்று கேளுங்கள். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபனை சொல்லச் சட்டம் நாள் கொடுக்கிறது. அந்த நாள் கடந்தபின் கூச்சல் போட்டுப் பயனில்லை. வரைவு தமிழிலே வேண்டும், ஊராட்சி அலுவலகத்திலே வேண்டும், எங்கள் சர்வே எண்ணோடு வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். நகரத்திலே இருக்கும் தோழர்களே, நீங்களும் கேளுங்கள். உங்கள் வீட்டுக் குழாயிலே வருவது எந்த ஊரின் நீர், உங்கள் சுவரிலே இருப்பது எந்தக் குன்றின் கல் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவனும் நம்மவன்தான், அவன் கிணறு வற்றினால் நாளை உங்கள் குழாயும் வற்றும்.

நகரம் வளரட்டும்! ஆலை பெருகட்டும்! ஆனால் ஆற்றைத் தின்று வளர வேண்டாம். ஏரியை விழுங்கிப் பெருக வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு முன்னே, கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலே போடாதே என்று கல்லிலே வெட்டிய மண் இது. அன்று அந்தக் குடம் சிலருக்கு மட்டும் சொந்தம். இன்று நம் எல்லோருக்கும் சொந்தம். கணக்கைக் கேட்டு வாங்குவோம்!